பாராக் கணக்கு

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது உச்சிப்புளி கடைத்தெருவில் ஒரு பையனைப் பார்த்தேன். மளிகைக் கடைக்காரரிடம் ஏதோ கேட்கிறான். அவர் கடுகுப் பொட்டலத்தை எடுத்து நீட்டுகிறார். இவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடி கேட்கிறான். அவர் நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து வைக்கிறார். முடி வெட்டிய லட்சணத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் போய் "க்யா சாஹியே பேட்டா?" என்றேன், என்ன வேணும் மகனே என்று. இருபத்திரண்டு வயது இருக்கும். 'பேட்டா' காதில் விழுந்ததும் முகமே மாறிவிட்டது. கடுகு எண்ணெய் வேண்டுமாம். ஊர் பீகார். அவன் வீட்டில் பொரிக்கவும் அதுதான், தீபாவளி விளக்குக்கும் அதுதான். தீபாவளியிலிருந்து ஆறாம் நாள் சட் பூஜை வேறு வருகிறது, அவர்கள் ஊர்ச் சூரிய வழிபாடு.

எங்கள் பக்கம் இது சகஜம். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது, 2009-இல் ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர் வைத்தார்கள். கிழக்கே மண்டபத்தில் கடலோரக் காவல்படை. வங்காளத்துப் பையன்களுக்கு இங்கே கஷ்டமில்லை. மீன் என்று வந்தால் அவர்களுக்குத் தமிழ் தானாக வந்துவிடும், கூடைக்காரம்மாவிடமே பேரம் பேசி ஜெயிப்பார்கள். வடக்கே உள்நாட்டிலிருந்து வருகிற பையன்கள்தான் பண்டிகை வந்தால் முழிப்பார்கள். ராமநாதபுரம் டவுனில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்லி, என் எக்ஸ்.எல். வண்டியில் ஏற்றி பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டேன். இறங்கும்போது கேட்டேன், தீபாவளி அன்று டியூட்டி உண்டா என்று. உண்டாம். ஆனால் கொல்லத்துக்காரன் ஒருத்தனோடு மாற்றிக்கொண்டானாம். பதிலுக்கு இவன் கிறிஸ்துமஸ் ராத்திரி அவனுக்காக நிற்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, "கூட்டிக்கிட்டு வந்து ஒரு வாய் காப்பி கொடுத்திருக்கலாம்ல" என்று திட்டினாள். நியாயம்தான். எனக்கு அந்த நேரத்தில் காப்பி ஞாபகம் வரவில்லை. அந்தக் கணக்குதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பாரா என்றால் காவல் டியூட்டி. பட்டாளத்தில் எது நின்றாலும் பாரா நிற்காது. தீபாவளியானாலும், பெருநாளானாலும், கமாண்டிங் ஆபீசர் மகளுக்குக் கல்யாணமானாலும் யாராவது ஒருத்தன் துப்பாக்கியோடு வெளியே நின்றாக வேண்டும். அதனால் சிப்பாய்கள் தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். உன் பண்டிகைக்கு நான் நிற்கிறேன், என் பண்டிகைக்கு நீ நில். எந்த ரிஜிஸ்டரிலும் இது ஏறாது. ஆனால் வட்டிக் கடைக்காரன் கணக்கைவிடச் சுத்தமாக இருக்கும். நான் 1998-இல் சேர்ந்து 2022-இல் ஹவில்தாராக வெளியே வந்தேன். எல்லோருடைய கடனையும் தீர்த்துவிட்டு வந்தேன், ஒருத்தனுடையதைத் தவிர.

அவன் பெரியபட்டினத்துக்காரன். நாங்கள் அவனைப் பட்டினம் என்றே கூப்பிடுவோம். என் பெயர் கருவாடு. காரணம் சொல்ல வேண்டியதில்லை, என் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பாரக் முழுக்கத் தெரியும். எங்கள் பக்கம் பாக் நீரிணை வடகடல், மன்னார் வளைகுடா தென்கடல். நான் வடகடல்காரன், அவன் தென்கடல்காரன். ஊரில் இருந்தவரை ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததில்லை. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில், நீலகிரிக் குளிரில் பல் தந்தியடிக்க வரிசையில் நிற்கும்போது, பக்கத்தில் நின்றவன் மெதுவாக, "எந்தூரு மாப்ள?" என்றான். அப்படி ஆரம்பித்தது.

லீவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிப்பாய்க்கு வருஷத்துக்கு 60 நாள் வருடாந்திர லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. கேட்கத் தாராளமாக இருக்கும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் போக முடியாது. ஒரு கம்பெனியில் பாதிப் பேர் தமிழர்கள் என்றால் தை மாதத்துக்கு எத்தனை பேர் லீவு கேட்பார்கள்? சீனியர் போவார், தங்கச்சிக்குக் கல்யாணம் வைத்தவன் போவான், நாம் லங்கரில் வெண்பொங்கல் சாப்பிடுவோம். 24 வருஷத்தில் நான் வீட்டில் இருந்த பொங்கல் ஐந்து.

லங்கர் என்றால் பட்டாளத்துச் சமையற்கட்டு. அங்கே பண்டிகை என்றால் பராகானா, அதாவது பெரிய விருந்து. தீபாவளி, பொங்கல், ஓணம், யூனிட் பிறந்த நாள் என்று எதற்கும் நடக்கும். பூரி, புலாவ், கோழி, சைவத்துக்குப் பன்னீர், கடைசியில் அல்வா. குடிக்கிறவனுக்கு ரம். இதில் விசேஷம், அன்றைக்கு ஆபீசர்கள்தான் பரிமாறுவார்கள். என் முதல் பராகானாவில் கர்னல் சாப் வாளியோடு வந்து என் தட்டில் பூரி வைத்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு அட்டென்ஷனில் எழுந்து நின்றுவிட்டேன். பூரி நழுவி அவர் பூட்ஸ் மேல் விழுந்தது. பக்கத்தில் இருந்த நாயக் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். கர்னல் சிரித்துவிட்டு இன்னும் இரண்டு பூரி வைத்தார். பிறகு தெரிந்தது, இது நம் பட்டாளத்தில் மட்டும் இல்லை. பிரிட்டிஷ் பட்டாளத்தில் கிறிஸ்துமஸ் காலையில் ஆபீசர்கள் ரம் கலந்த டீயைச் சிப்பாய்களின் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். அமெரிக்கர்கள் நவம்பரில் கொண்டாடுகிற தேங்க்ஸ்கிவிங் அன்று அங்கேயும் பெரிய அதிகாரிகள் முழு யூனிஃபார்மில் நின்று வான்கோழி பரிமாறுகிறார்கள்.

நல்ல வழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் அத்தனை வருஷத்துப் பராகானாப் பன்னீரில் ஒரு துண்டுகூட எனக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது ஒரு சின்ன காவல் போஸ்ட்டில், பதினான்கு பேர் சாப்பிட்ட மூன்று சாப்பாடு.

லடாக்கில், 14,000 அடி உயரத்தில், 2006 கடைசியில். இடத்தின் பெயர் வேண்டாம். மலைச்சரிவில் ஒரு ஃபைபர் குடிசை, உள்ளே ஒரு புகாரி. மண்ணெண்ணெயில் எரிகிற கணப்பு அது. வெளியே ராத்திரி மைனஸ் இருபத்தைந்து. குளிர்காலத்துக்கு வேண்டிய ரேஷன் எல்லாம் பாதை மூடுவதற்கு முன்பே ஏற்றிவைத்தாகிவிட்டது. அதன்பின் ஹெலிகாப்டர் வந்தால்தான் கடிதம், காய்கறி எல்லாம். முட்டையைத் தரையில் போட்டால் உடையாது, உருளும். உருளைக்கிழங்கை வெட்டக் கத்தி போதாது, சுத்தியல் வேண்டும்.

அந்த வருஷத்தில் ஒரு விசேஷம். கிறிஸ்துமஸ் டிசம்பர் 25. ஹஜ்ஜுப் பெருநாள் ஜனவரி 1. அப்புறம் பொங்கல். மூன்றும் மூன்றே வாரத்துக்குள் வந்துவிட்டன. போஸ்ட்டில் மூன்று மதத்துக்காரர்களும் இருந்தோம். சுபேதார் சாப் பாலக்காட்டுக்காரர். "இந்த மாசம் பாரா லிஸ்ட்டை நான் போட மாட்டேன், நீங்களே போட்டுக்கோங்க" என்று நோட்டைத் தூக்கி எங்களிடம் கொடுத்துவிட்டார். ஒரு மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாங்கள் போட்ட லிஸ்ட் இது: கிறிஸ்துமஸ் ராத்திரி மூக்கையூர் அண்ணனின் பாராவை நான் பார்ப்பது. பெருநாள் காலையில் பட்டினத்தின் பாராவையும் நானே பார்ப்பது. பதிலுக்குப் பொங்கல் காலை என் பாராவைப் பட்டினம் பார்ப்பது.

கிறிஸ்துமஸுக்கு மூக்கையூர் அண்ணன் கேக் செய்தார். பிரஷர் குக்கருக்குள் உப்பைக் கொட்டி, அதன்மேல் பாத்திரத்தை வைத்து, விசில் போடாமல் வேகவைத்தார். ரேஷனில் முந்திரி, திராட்சை எல்லாம் தாராளமாக வரும், அதையெல்லாம் ரம்மில் ஊறவைத்திருந்தார். மாவு ஜோராக உப்பி எழும்பியது. எல்லோரும் கைதட்டினோம். இறக்கிய ஐந்து நிமிஷத்தில் நடுவில் குழி விழுந்து கிணறு மாதிரி ஆகிவிட்டது. காற்று அழுத்தம் குறைந்த உயரத்தில் கேக் அப்படித்தான், வேகமாக எழும்பி அதே வேகத்தில் உட்கார்ந்துவிடும். அண்ணன் அசரவில்லை. குழிக்குள் ஜாமை ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியை நட்டு, "இதுதான் மாட்டுக்கொட்டில்" என்றார். அன்று ராத்திரி அவர் ஜபம் சொல்லும்போது நான் வெளியே நின்றேன். உள்ளே அவர் பாடுவது கேட்டது. சுமாராகத்தான் பாடுவார்.

அடுத்தது ஜனவரி 1.

இதை எழுத எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. டிசம்பர் 31 ராத்திரி, புது வருஷம் என்று கூடுதலாக ஒரு மூடி ரம் கிடைத்தது. பட்டினம் தொடமாட்டான். அவன் பங்கும் எனக்கு வந்தது. அந்த உயரத்தில் கீழே குடிக்கிற அளவு குடிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். விடிகாலை ஆறரைக்கு நான் அவனுக்காகப் பாராவுக்குப் போயிருக்க வேண்டும். ஏழு மணிக்கு அவனுக்குச் சேட்டிலைட் போனில் முறை. பெருநாள் காலையில் போன் பண்ணுகிறேன் என்று வீட்டுக்கு முன்பே கடிதம் போட்டிருந்தான். போஸ்ட்டுக்கே ஒரு போன்தான். பேட்டரி குளிரில் படுத்துவிடும் என்று ராத்திரி முழுக்க அதைப் புகாரிக்குப் பக்கத்தில் கம்பளியில் சுற்றிக் குழந்தை மாதிரி வைத்திருப்போம்.

நான் எழுந்தபோது மணி எட்டேகால்.

பட்டினம் பாரா முடிந்து உள்ளே வந்து, புருவத்தில் பனியோடு பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னை எழுப்பவே இல்லை. சுபேதார் சாப் கேட்டதற்கு, "அவனுக்கு மண்டையிடி சாப், நானே போயிட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். உயரத்தில் மண்டையிடி என்றால் யாரும் அதன்மேல் கேள்வி கேட்க மாட்டார்கள். அதற்குள் போனில் மற்றவர்கள் பேசி பேட்டரி தீர்ந்துவிட்டது. மத்தியானம் ஆரம்பித்த பனிக்காற்று ஆறு நாள் அடித்தது. ஆறு நாளும் போன் இல்லை. நான் அவன் முன்னால் போய் நின்றேன். "விடு மாப்ள. கணக்குல எழுதிக்க" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவனும் மலப்புரத்துக்காரன் ஒருத்தனும் குடிசை மூலையில் கம்பளியை விரித்துத் தொழுதார்கள். அதன்பின் பட்டினம் லங்கருக்குள் புகுந்தான். ஆடு ஏது, குர்பானி ஏது? அதை ஊரில் அவன் வாப்பா கொடுத்திருப்பார். டின் கறியை உடைத்து, வெங்காயப் பொடி போட்டு ஆனம், அதாவது குழம்பு வைத்தான். குக்கரில் நெய்ச்சோறு. ரேஷன் நெய், ரேஷன் முந்திரி, ஏலக்காய் மட்டும் அவன் உம்மா அனுப்பியது. பரிமாறும் நேரத்தில் எங்கள் தட்டுகளை எல்லாம் ஓரமாக அடுக்கிவிட்டு, சப்பாத்தி மாவு பிசைகிற பெரிய தாம்பாளங்களை எடுத்தான். சோற்றை மலை மாதிரி கொட்டி, நடுவில் கறியை வைத்து, நாலு நாலு பேரைச் சுற்றி உட்காரச் சொன்னான். சஹன். எங்கள் கடற்கரை முஸ்லிம் ஊர்களில் விருந்து என்றால் அப்படித்தான், ஒரே தாம்பாளத்தில் எல்லோருடைய கையும். தெலுங்குப் பையன் ஒருத்தன் முதலில் கூச்சப்பட்டான். சுபேதார் சாப் சட்டென்று உட்கார்ந்து கையைப் போட்டதும் அவனும் உட்கார்ந்தான்.

அன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தோம். தனித்தனித் தட்டில் போட்டால் அந்தக் குளிரில் மூன்றாவது கவளத்துக்குள் சோறு ஜில்லிட்டுவிடும். குவியலாக இருந்ததால் கடைசி வரை சூடு இருந்தது. அதன்பின் குளிர்காலம் முடியும்வரை எங்கள் போஸ்ட்டில் எல்லாச் சாப்பாடும் சஹன்தான். பாராவில் இருப்பவன் பங்கை மட்டும் மெஸ் டின்னில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் உருட்டி வைப்போம்.

பொங்கலுக்கு முன்னால் ஹெலிகாப்டர் ஒரு தடவை வந்தது. அதில் என் அம்மாவின் பார்சல். கார்த்திகை மாதமே ஊரில் போஸ்ட் பண்ணியது. பட்டாளத்து முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. யூனிட் பெயர், அடியில் 56 ஏ.பி.ஓ., அவ்வளவுதான். நான் எங்கே மாற்றலாகிப் போனாலும் ஏ.பி.ஓ.தான். அம்மா அதை ஒரு ஊர் என்றே நினைத்திருந்தார். "அந்த ஏப்பியோவுல கடல் இருக்காப்பா?" என்று ஒரு முறை கேட்டார்.

பார்சலில் கருப்பட்டி இரண்டு கிலோ. வேகவைத்துக் காயப்போட்ட பனங்கிழங்கு, விறகு மாதிரி. நெத்திலிக் கருவாடு. போர்ன்விட்டா டப்பா நிறைய மிளகாய்ப் பொடி. முண்டு மிளகாய், சொந்தமாக வறுத்து இடித்தது. முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிசலில் மழையை நம்பி விளைகிற குண்டு மிளகாய் அது. 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்துப் பெரிய மனுஷனாக்கிவிட்டார்கள். அன்றைக்கு எங்களுக்கு அது வெறும் வீட்டு மிளகாய். டப்பாவைத் திறந்ததும் சுற்றி நின்ற ஐந்தாறு பேர் வரிசையாகத் தும்மினார்கள். பட்டினம் மூடியில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

பிற்பாடு ஒரு சங்கதி படித்தேன். 1914 கிறிஸ்துமஸுக்கு இங்கிலாந்து ராஜா மகள் மேரி, பதினேழு வயதுப் பெண், அவள் பெயரில் நிதி திரட்டிச் சண்டைக்குப் போன சிப்பாய்களுக்கு ஆளுக்கொரு பித்தளைப் பெட்டி அனுப்பினார்கள். வெள்ளைக்காரனுக்குள்ளதில் புகையிலை, சிகரெட். கூர்க்காக்களுக்கும் அதேதான். சீக்கியர்களுக்குக் கற்கண்டும் ஒரு தகர டப்பா மசாலாவும். மற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு அதோடு சிகரெட்டும். அந்த மசாலா டப்பா யோசனையைச் சொன்ன ஆள் யாரோ, அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

பொங்கலன்று ஒரு சிக்கல். அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரிக்கே கொதித்துவிடும். திறந்த பானையில் அரிசி போட்டால் மணிக்கணக்கில் கொதிக்குமே தவிர வேகாது. குக்கர்தான் கதி. குக்கரில் பொங்கல் எப்படிப் பொங்கும்? மூடிக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பொங்காத பொங்கல் அபசகுனம் என்று ஒரு கோஷ்டி. பட்டாளத்தில் சகுனம் பார்க்காதவன் இல்லை. கடைசியில் எங்கள் குக் தம்பிதான் வழி சொன்னான். பாலைத் தனியாகத் திறந்த சட்டியில் காய்ச்சுவது, அது பொங்கியதும் குக்கரில் ஊற்றுவது. தண்ணீருக்குக் கெடுதலான உயரம் பாலுக்குத் தோதாகிவிட்டது. ஸ்டவ்வில் வைத்த சுருக்கில் புசுபுசுவென்று எழும்பிப் பொங்கி வழிந்து ஸ்டவ்வையே அணைத்துவிட்டது. பொங்கலோ பொங்கல் என்று கத்தினோம். அப்புறம் குக்கர் முதல் விசில் அடித்தபோது இன்னொரு முறை கத்தினோம், எதற்கும் இருக்கட்டும் என்று.

வாசலில் கோலம் போட வேண்டும் என்றான் சித்தூர்ப் பையன். வெள்ளைப் பனிமேல் அரிசி மாவில் போட்டால் யாருக்குத் தெரியும்? மஞ்சள் தூளிலும் காய்ந்த டீத்தூள் சக்கையிலும் போட்டான். நாலு புள்ளிக் கோலம். கரும்புக்குப் பதில் இரண்டு பனங்கிழங்கைப் பனியில் நட்டு வைத்தேன்.

இதெல்லாம் நடக்கும்போது பட்டினம் என் பாராவில் நின்றுகொண்டிருந்தான். பெருநாளுக்கு நான் செய்த காரியத்துக்குப் பிறகும் சொன்ன வாக்குக்கு வந்து நின்றான். குடிசைக் கதவைத் திறந்தால் மேலே மணல் மூட்டைகளுக்கு நடுவில் அவன் தொப்பி தெரியும். இரண்டாவது முறை கத்தியபோது அவனும் அங்கிருந்து கையைத் தூக்கி ஆட்டினான். கருப்பட்டிப் பொங்கலை நெய் ஒழுக மெஸ் டின்னில் போட்டு, என் ஸ்லீப்பிங் பேக்கிலேயே சுற்றி வைத்தேன். அவன் வந்து தின்றுவிட்டு, "சூடு இருக்கு. ஆனா மாப்ள, கருவாட்டு வாசம் அடிக்குது" என்றான். மறுநாள் கருவாட்டுக் குழம்பு. அதற்குத் தனிப் பதிவு எழுத வேண்டும்.

அந்தக் கோடையில் இருவருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைத்தது. பெரியபட்டினத்துக்கு அவன் வீட்டுக்குப் போனேன். உம்மா சாப்பாடு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: "பெருநாளைக்குப் போன் பண்ணுறேன்னு எழுதியிருந்தான் வாப்பா. காலைல இருந்து போனுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். செத்துக்கித்துப் போச்சான்னு எடுத்து எடுத்துக் காதுல வச்சுப் பார்த்தேன். எல்லாரும் சாப்பிட்டு முடிச்சாங்க. எனக்கு சாயங்காலம் அசர் தொழுகை வரைக்கும் எதுவும் இறங்கல."

பட்டினம் தலையைத் தூக்காமல் சொன்னான். "லைன் கிடைக்கல உம்மா. அங்கேயெல்லாம் அப்படித்தான்."

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதில் இன்னொரு கறித்துண்டை எடுத்து வைத்தார்.

அதன்பின் நாங்கள் ஒரே இடத்தில் அதிக நாள் இருக்கவில்லை. அவன் வேறு கம்பெனிக்குப் போனான். நான் ராஜஸ்தான் பாலைவனத்தில் இருந்த வருஷங்களில் மலையாளிப் பையன்களின் ஓணத்துக்கு வாழை இலை ஒரு பெரிய பாடு. லீவு முடிந்து வருகிறவன் ஈரச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவருவான், வந்து சேரும்போது பாதி கருத்திருக்கும். ஆபீசர்களுக்கு நல்ல இலை, எங்களுக்குக் கருத்த இலை, பாயசம் எல்லோருக்கும் ஒன்று. எல்லையில் நல்ல காலமாக இருந்தால் தீபாவளிக்கும் ஈதுக்கும் வாகாவில் நம் எல்லைக் காவல் படைக்காரர்களும் அந்தப் பக்கத்துப் பாகிஸ்தான் ரேஞ்சர்களும் மிட்டாய்ப் பெட்டி மாற்றிக்கொள்வார்கள். உறவு கசந்தால் முதலில் நிற்பதும் அந்த மிட்டாய்தான். இப்படி எத்தனையோ பண்டிகைகள் போயின. பட்டினத்தின் கணக்கு மட்டும் அப்படியே நின்றது. நான் லீவில் இருக்கும்போது பெருநாள் வராது, பெருநாள் வரும்போது அவன் லீவில் இருப்பான்.

அவன் எனக்கு இரண்டு வருஷம் முன்பே ரிட்டையர் ஆனான். பென்ஷன் வருகிறது என்றாலும் வீடு கட்டிய கடன் இருக்கிறது. தென்கடல் பக்கம் ஓர் இறால் பண்ணையில் காவல் வேலைக்குப் போகிறான். எக்ஸ் சர்வீஸ்மேனுக்கு எங்கே போனாலும் பாராதான் எழுதியிருக்கிறது. 2025-இல் ஜூன் 7 ஹஜ்ஜுப் பெருநாள். அவனுக்குக் காலை ஆறிலிருந்து இரண்டு வரை டியூட்டி. இன்னொரு காவல்காரர் ஊருக்குப் போய்விட்டார், லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இதை அவன் போனில் சும்மா பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னான்.

"நான் வர்றேன்" என்றேன்.

"இந்தத் தடவை எந்திரிப்பியா?" என்றான்.

நாலு மணிக்கே எழுந்துவிட்டேன். உண்மையில் தூங்கவே இல்லை. ஐந்தே முக்காலுக்குப் பண்ணை வாசலில் போய் நின்றேன். அவன் எனக்கு முன்பே வந்து, ராத்திரிக்காரரிடம் பொறுப்பு வாங்கி வைத்திருந்தான். டார்ச், விசில், சாவிக்கொத்து, ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணி என்னிடம் கொடுத்தான். குளத்தில் ஏரேட்டர் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டரைப் போட வேண்டும், இல்லையென்றால் இறால் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று மூன்று தடவை சொன்னான். அப்புறம் விறைப்பாக நின்று "ஸப் டீக் ஹை" என்றான், எல்லாம் சரி என்று. நானும் விறைப்பாக நின்றேன். இரண்டு பேருக்கும் தொப்பை.

"ஒன்னு கழிஞ்சுச்சு. பொங்கல் பாக்கி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பிக்கொண்டு தொழுகைக்குப் போனான்.

கொக்குகளை விரட்டுவதைத் தவிர வேலை இல்லை. மீன்பிடித் தடைக் காலம், கடல் பக்கம் ஒரு படகுச் சத்தம்கூட இல்லை. எட்டரை மணிக்கு என் போன் அடித்தது. பட்டினத்தின் நம்பர். எடுத்தால் உம்மா.

"என்ன வாப்பா, அங்கே லைனெல்லாம் ஒழுங்காக் கிடைக்குதா?"

பின்னால் அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. எப்போது சொல்லித் தொலைத்தான் என்று தெரியவில்லை. பதினெட்டு வருஷத்தில் ஏதோ ஒரு நாள் சொல்லியிருக்கிறான். எனக்கு என்ன சொல்வது என்று வரவில்லை. "கிடைக்குது உம்மா" என்றேன்.

"சோத்தை அங்கே எடுத்துக்கிட்டு வர்றேங்கிறான். நான் வேணாம்னு சொல்லிட்டேன். ரெண்டு மணிக்கு டியூட்டிய முடிச்சிட்டு நேரா இங்கே வா. சஹன்ல உன் இடம் இருக்கு. நீ வர்ற வரைக்கும் நான் உட்காரப் போறதில்ல."

இரண்டு மணிக்கு இன்னும் ஐந்தரை மணி நேரம் இருந்தது.